துக்க வீட்டுக் கேசட்

ஒரே கேசட்டை இரண்டு தடவை கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் இரண்டு ஃபைலும் அச்சு அசலாக ஒன்றுபோல்தான் இருக்க வேண்டும். இருபது வருடமாகக் கல்யாண வீடியோக்களோடு மல்லுக்கட்டுகிற செல்வக்குமாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லுவான். ஆனால் காலையில் ஏற்றியதில் பன்னிரண்டாவது நிமிடத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தது. மத்தியானம் ஏற்றியதில் அதே பட்டைகள் ஒன்பதாவது நிமிடத்திலேயே வந்துவிட்டன. அகலமும் கொஞ்சம் கூடியிருந்தது.

கேசட்டைப் படிக்கிற கேமராவின் ஹெட்டில் தூசி அடைத்திருக்கும், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தான். தண்ணீர் குடித்தான். உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்தான். ஆனையூர் வீட்டு மாடியில் இருந்த அந்த எடிட்டிங் அறையில் இவ்வளவு நாள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் வேலை பார்த்தவனுக்கு இன்றைக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. மனைவி மேலூரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கீழே வீடு பூட்டிக் கிடந்தது.

கேசட்டில் இருந்தது அக்கா மகள் ரோகிணியின் காதுகுத்து. வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். "மாமா, உங்க மடியில உக்காந்து நான் அழுகிறது மண்டபத்துல பெரிய ஸ்கிரீன்ல வரணும்" என்று ஒரு மாதமாக நச்சரித்தாள். கேசட்டை டிவியில் ஓடவிட்டு செல்போனில் எடுத்துவிட்டால் போதும் என்று அக்கா முனீஸ்வரி சொன்னதற்கு இவன் சண்டைக்கே போய்விட்டான். தன் மடியில் குத்திய காது. ஒரு புள்ளிகூடக் குறையக்கூடாது. அதற்காகவே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எங்கெங்கோ அலைந்து பிடித்து, கேமராவை அதற்குரிய கேபிளில் நேராக மாட்டியிருந்தான். கேசட் ஒரு மணி நேரம் என்றால் ஏற்றவும் ஒரு மணி நேரம். அவசரப்படுத்த முடியாது.

அக்காவிடம் சொல்லாத ஒன்று உண்டு. காதுகுத்து அன்றைக்குப் புதுக் கேசட் தீர்ந்துவிட்டது. அப்போது இவன் வேலை பார்த்த வீடியோக் கடையின் முதலாளி வீரணன் கை நீட்ட, பையில் கிடந்த பழைய கேசட்டின் லேபிளைச் சுரண்டிவிட்டு எடுத்துக் கொடுத்தவன் இவன்தான். அது அலங்காநல்லூர் பக்கம் மாயக்காள் என்ற கிழவியின் சாவு வீட்டில் எடுத்தது. கிழவியை நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, மாலை போட்டு, ஊரே அழுததை இவன்தான் லைட் பிடித்து நின்று பார்த்தான். துக்க வீட்டுக் கேசட்டில் நல்ல காரியத்தை எடுக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் லைட் பிடிக்கிறவனுக்கும் தெரியும். மடியில் உட்காரப் பிள்ளை தயாராக இருக்கிறது, நல்ல நேரம் போகிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான்.

அந்தப் பட்டைகளைத்தான் அவன் இப்போது பெரிதாக்கிப் பார்த்தான். ஹெட் அடைத்த கேமராவில் எடுத்தால் அடியில் இருந்த பழைய படம் முழுதாக அழியாமல் இப்படி இடையிடையே நிற்கும். அது தெரிந்த கதை. ஒரு பட்டையில் தன் மடியில் திமிறுகிற மூன்று வயது ரோகிணி. அடுத்த பட்டையில் நாற்காலியின் கை. அதற்கடுத்ததில் வெள்ளைத் துணியின் முடிச்சு. கடைசியில் மடியில் வைத்த ஒரு கை. அந்தக் கையில் முழங்கைவரை மெஹந்தி இருந்தது.

மாயக்காளுக்கு எழுபது வயது. புருஷனை இழந்து முப்பது வருடமானவள். மெஹந்தி எங்கிருந்து வந்தது?

போன் அடித்தது. அக்கா.

"என்ன தம்பி, நல்லா வந்துச்சா?"

"வந்துக்கிட்டு இருக்குக்கா."

"எம்புட்டு நேரம்தான் ஏத்துவ? ரோகிணி காது வலிக்குதுன்னு படுத்தே கெடக்கா. நேத்து மெஹந்தி ட்ரையல் போட்டுட்டு வந்தவ, நல்லாத்தான் இருந்தா."

"எப்பருந்துக்கா வலி?"

"காலையில ஒம்பது மணி இருக்கும். இப்ப ரொம்ப சொல்றா. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவான்னா, தூங்குனா சரியாயிரும்ங்கிறா."

காலை ஒன்பது மணிக்குத்தான் அவன் முதல் தடவை கேசட்டை ஓடவிட்டான். கேசட் விஷயத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான்.

"டேய், கேசட்டுல ஏதும் கோளாறாடா?"

"ஒண்ணுமில்லக்கா. பெறகு பேசுறேன்."

நாற்காலியில் இருக்கிற முகம் மாயக்காளுடையதுதான் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். அதற்காக மட்டும்தான் ஹெட்டைத் துடைத்து மூன்றாவது தடவையாக ஓடவிட்டான். கேமராவுக்குள் மோட்டார் மெல்ல இரைந்தது, சூடேறிய பிளாஸ்டிக் வாடை அறையில் பரவியது, சாத்திய ஜன்னலின் இடுக்கில் வெயில் மஞ்சளாகித் தேய்ந்துகொண்டிருந்தது, ஸ்பீக்கரில் நாதஸ்வரத்துக்கு அடியில், எங்கோ நாலு தெரு தள்ளிக் கேட்பதுபோல, பெண்கள் மாரடிக்கும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை நான்காவது நிமிடத்திலேயே பட்டைகள் வந்தன. பந்தலில் சிரித்துக்கொண்டு நின்ற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அரிபட்டுப் போனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் தலைவிரித்த பெண்கள். நடுவில் ஒருத்தி தரையில் புரண்டாள். நரைத்த தலை. இடது புருவத்தில் தழும்பு.

அது அக்கா. அன்றைய அக்கா இல்லை. இன்றைய அக்கா.

அவன் போனை எடுத்தான். அக்காவுக்கு அடித்தான். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தான். எடுக்கவில்லை. "யக்கா, எடுக்கா. அது எழவு வீட்டுக் கேசட்டுக்கா. நான்தான் குடுத்தேன்" என்று மணி அடிக்கிற போனிடமே சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

கேமராவை நிறுத்தினான். மூடியைத் திறந்தான். கேசட்டைப் பிடுங்கி வெளியே எடுத்தான். கேபிளையும் உருவினான்.

திரையில் படம் நிற்கவில்லை.

நாதஸ்வரம் போய்விட்டது. ஒப்பாரி மட்டும். பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டின. இடைவெளி இல்லை. கலங்கல் இல்லை. இவ்வளவு தெளிவான படத்தை அந்தக் கேமரா ஒருநாளும் எடுத்ததில்லை. சாம்பிராணி வாடை. ரோஜா மாலை வாடை. அது திரையிலிருந்து வரவில்லை. அறைக்குள் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் செல்வக்குமார். முன்மண்டை வழுக்கை. காலையில் போட்ட அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. அவன் மடியில் ரோகிணி. மூன்று வயது ரோகிணி இல்லை. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. நெற்றியில் காசு. மெஹந்திக் கைகள். காதுகுத்தும்போது பிள்ளை தலையை ஆட்டாமல் இருக்கத் தாய்மாமன் பிடிப்பானே, அப்படி அவன் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஓட வேண்டும். அக்கா வீட்டுக்கு ஓட வேண்டும்.

எழ முடியவில்லை. தொடைகள் மரத்திருந்தன. மடியில் பாரம். வளர்ந்த ஆளின் பாரம்.

அவன் கீழே பார்க்கவில்லை. திரையை மட்டும் பார்த்தான். ஈரத் தலைமுடி அவன் கழுத்தில் பட்டது. மேசைமேல் வைத்திருந்ததாக நினைத்த அவனுடைய இரண்டு கைகளும் மேசைமேல் இல்லை. நெஞ்சுக்கு நேரே உயர்ந்து, ஜில்லிட்ட இரண்டு காதுகளை அழுத்திப் பிடித்திருந்தன.