ஏழாம் பாகத்தில் தொடங்கிய கதை

குற்றாலலிங்கம் மாமாவுக்குச் சாதாரணமாகத் தண்ணீர் கேட்கத் தெரியாது. "அன்பு நெஞ்சங்களே! இந்த எளியேனுக்கு ஒரு குவளைக் குளிர்நீர் வழங்குவீர்களாக!" என்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நமக்கு நாக்கு வறண்டுவிடும்.

வார நாட்களில் அவர் திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே எல்லோரையும்போல மலையாளத்தில் பேசுவார், மலையாளத்தில் எழுதுவார், மத்தியானம் மேஜையில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்வார். சனிக்கிழமை மாலை வந்துவிட்டால், ஜரிகைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கரமனைத் தமிழ்ச் சிறுவர் வாசகசாலையின் செயலாளர் ஆகிவிடுவார். துண்டு தோளில் ஏறியதும் நாக்கில் மேடைத் தமிழ் ஏறிவிடும்.

வாசகசாலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் அறை, ஓர் அலமாரி, கால் ஆடுகிற ஒரு பெஞ்சு. அவ்வளவுதான்.

அந்த அறைக்குள்தான் வடிவம்மாள் முதல்முதலாக வந்து நின்றாள். வயது பதினொன்று. அவள் அப்பாவுக்குக் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்ததால், குடும்பமே அம்பாசமுத்திரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்திருந்தது. டிரங்குப் பெட்டி வந்தது, அம்மி வந்தது, ஆட்டுக்குட்டிகூட வந்தது. வடிவு படித்துக்கொண்டிருந்த புத்தகங்கள் மட்டும் வரவில்லை. அவை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமானவை.

"மாமா, படிக்க என்னமாவது பெரிய கதையாத் தாங்க" என்றாள் வடிவு.

மாமா எழுந்து நின்றார். எதிரே இருந்தது ஒரே ஒரு சிறுமி. அதனால் என்ன?

"சிறுவர்களே! சிறுமியர்களே! இதோ, 'கருங்கழுகுக் கோட்டை'! ஏழு பாகங்கள்! வீரமும் விந்தையும் விளையாடும் மாபெரும் காவியம்! இதைப் படிக்காத கண்கள் கண்களா? புண்கள்!"

வடிவு தன் கண்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஏழு பாகங்களும் கடையில் வாங்கியவை அல்ல. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தார்கள். வேலை மாற்றலாகிப் போகும்போது வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. மாமா அவற்றைப் பள்ளிக்கூடத்தில் டிரில்லுக்கு நிற்கிற பிள்ளைகளைப்போல உயரப்படி அடுக்கியிருந்தார்.

இடது ஓரத்தில் நின்ற குட்டிப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "முதலில் இதைப் பருகு!"

வடிவு அதன் முதுகைப் பார்த்தாள். 'ஏழாம் பாகம்' என்று எழுதியிருந்தது.

அவளுக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் திருவனந்தபுரத்தில் பல விஷயங்கள் வேறு மாதிரி இருந்தன. சோறு கொட்டை கொட்டையாக இருந்தது. தோசைக்கு வேறு சட்னி. இந்த ஊரில் கதையையும் பின்னாலிருந்துதான் படிப்பார்களோ என்னவோ! அவ்வளவு பெரிய துண்டு போட்டவர் தப்பாகவா தருவார்?

வீட்டுக்குப் போய்ப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே ஒரு ராஜா செத்துப்போனார். படையே அழுதது. குதிரைகள் அழுதன. வடிவும் அழலாம் என்றுதான் பார்த்தாள். ஆனால் அந்த ராஜா யார் என்றே தெரியவில்லை. முன்பின் தெரியாதவருக்கு எப்படி அழுவது?

அடுத்த சனிக்கிழமை புத்தகத்தோடு போனபோது, மாமா சோகமாக ஒரு செய்தி சொன்னார். சோகத்தையும் அவர் நின்றுகொண்டுதான் சொன்னார்.

"கருங்கழுகுக் கோட்டை விடைபெறுகிறது! நான் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்தேன். ஒருவர்கூட ஒரு பாகத்தைத் தாண்டவில்லை. ஆகவே ஏழு பாகங்களும் பழைய பேப்பர்காரருக்கு! அந்த இடத்தில் நம் வாசகசாலைக் கமிட்டியின் புகைப்படம் கொலுவிருக்கும். ஸ்டூடியோவிலிருந்து வர வேண்டியதுதான் பாக்கி."

அந்தப் புகைப்படத்தில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊரில் வடிவுக்குப் படிக்கக் கிடைக்கிற பெரிய கதை அது ஒன்றுதான். அதையும் எடைக்குப் போட்டுவிட்டால்?

"மாமா, நீங்க எனக்குத் தந்தது கடைசிப் பாகம்லா? முதல் பாகத்தை எடுத்துத் தாங்களேன். படிச்சுப் பாக்கேன்."

மாமா அலமாரிப் பக்கம் திரும்பினார். அவருடைய விரல் புத்தகங்களின் மேல் மெதுவாக நடந்தது. ஒன்றின் முன் நின்றது. திரும்பி நடந்தது. நெற்றியில் வேர்வை பூத்தது. கடைசியில் இருப்பதிலேயே தடியான ஒன்றை உருவி நீட்டினார்.

அது நான்காம் பாகம்.

வடிவு புத்தகத்தைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மாமாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது!

பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே. பள்ளிக்கூடம் மலையாளம். வீட்டில் தமிழ். மேடைத் தமிழ் முழுவதும் காதால் கேட்டுப் பிடித்தது. எழுத்து மட்டும் எப்படியோ விட்டுப்போயிருந்தது.

வாசலில் விஜயலக்ஷ்மி வந்து நின்றாள். வடிவின் வகுப்பில் படிக்கிறவள். அக்ரஹாரத்துப் பெண். கையில் எப்போதும் ஒரு மலையாளப் புத்தகம் இருக்கும். நடந்துகொண்டே படித்து, இரண்டு தடவை மாட்டின் மேல் மோதியவள்.

"என்னடீ, மாமா எந்தப் பாகம் தந்தார்?" என்று எட்டிப் பார்த்தாள்.

மாமாவின் காது மடல் சிவந்தது.

அந்தச் சிவப்பு வடிவுக்கு நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை மலையாள டீச்சர் அவளை எழுந்து வாசிக்கச் சொன்னபோது, எழுத்தெல்லாம் ஜிலேபி ஜிலேபியாகத் தெரிந்தது. வகுப்பே சிரித்தது. அப்போது அவள் காதும் இப்படித்தான் சுட்டது.

அவள் நான்காம் பாகத்தைச் சட்டென்று பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"புத்தகமெல்லாம் இடம் மாறிக் கெடக்கு ஏட்டி, யாரோ கலைச்சுப் போட்டிருக்காவ. மாமா, நானே அடுக்கட்டா? முதுகுல ஒண்ணு, ரெண்டுன்னு நம்பரும் ஒட்டிருதேன். இங்கே பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வராதுல்லா? நம்பர்னா எல்லாருக்கும் தெரியும்."

மாமா தொண்டையைக் கனைத்தார். "ஆஹா! என் உள்ளத்தில் உதித்ததை நீ உரைத்துவிட்டாய்!"

பசையை அவரே கொண்டுவந்து தந்தார். தரும்போது குனிந்து, துண்டு போடாத குரலில் கேட்டார்: "மோளே, நீ ஆருகிட்டேயும்..."

"என்னத்தை மாமா?" என்றாள் வடிவு, ஒன்றுமே தெரியாதவள்போல.

மாமா ஒன்றும் பேசாமல், ஆரஞ்சுச் சுளைபோல இருக்கும் ஒரு நாரங்கா மிட்டாய் கொடுத்தார். அவர் பேசாமல் ஒரு பொருளைக் கொடுத்தது வாசகசாலையின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

முதல் பாகத்தை வடிவு இரண்டே நாளில் முடித்தாள். முடித்த கையோடு விஜயலக்ஷ்மியிடம் ஓடினாள்.

"ஏட்டி விஜி, நீ இதைப் படிச்சே ஆகணும்!"

"எனக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம்தான் அறியும்டீ. கூட்டி வாசிக்கறதுக்குள்ளே விடிஞ்சுடும். ஆகட்டும், கதை என்ன? நீயே சொல்லிடு."

வடிவு சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். முழுக் கதையையும் சொல்லிவிட்டால் விஜி ஏன் புத்தகத்தை எடுப்பாள்? புத்தகம் எடைக்குத்தான் போகும்.

"சொல்ல மாட்டேன். வாசிச்சுக் காட்டுதேன். சனிக்கிழமை வா."

சனிக்கிழமை ஆடுகிற பெஞ்சில் வடிவு உட்கார்ந்தாள். விஜி தன் தம்பியையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் இழுத்து வந்திருந்தாள். வடிவு வாசிக்க ஆரம்பித்தாள். தாழைக்குழலி என்ற மீனவப் பெண்ணைக் கருங்கழுகு தூக்கிக்கொண்டு கடலுக்கு மேலே பறந்தது. அவள் கழுகிடம் பயப்படாமல் ஒரு பாட்டுப் பாடினாள். கழுகுக்குத் தூக்கம் வந்தது. அதன் நகங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கீழே கடல். கடலில் சுறா...

வடிவு புத்தகத்தை மூடினாள்.

"பின்னே?" என்றது ஒரு கூட்டம்.

"பின்னே என்னன்னு இதுக்குள்ளே இருக்கு."

"துஷ்டை!" என்று விஜி புத்தகத்தைப் பிடுங்கினாள். "நான் ஆத்துக்கு எடுத்துண்டு போறேன். வடிவு, நீயும் வா. எழுத்து தடைப்பட்டா சொல்லித் தா. நான் உனக்கு மலையாளப் பாடம் சொல்லித் தரேன். போறுமா?"

போதாதா பின்னே!

அதற்குப் பிறகு வடிவு ஆளைப் பார்த்துக் கதை சொல்லக் கற்றுக்கொண்டாள். சாப்பாட்டு ராமனான விஜியின் தம்பியிடம், "ரெண்டாம் பாகத்துல ஒரு மந்திரவாதி வாரான். எந்த மந்திரத்துக்கும் உப்புப் போட மறந்துருவான். யானையைப் பூனையாக்கப் பாப்பான், பாதிதான் ஆகும்" என்றாள். சண்டைப் பிரியர்களிடம் மூன்றாம் பாகத்துக் கடற்போரைப் பற்றி இரண்டே வரி சொன்னாள். எல்லோரிடமும் ஒன்றை மறக்காமல் சொன்னாள்: "முதல்ல கொஞ்சப் பக்கம் மெதுவாத்தான் போவும். கழுகு வார வரைக்கும் விட்டுராதீங்க."

'காவியம்' என்ற சொல்லை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

தமிழ் எழுத்துத் தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையும் ஜோடி ஜோடியாக எடுத்துப் போனார்கள். சனிக்கிழமை தோறும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு, வடிவு சுறா வரை மட்டும் சத்தமாக வாசிப்பதும் நடந்தது. அப்போதெல்லாம் மாமா கதவுக்குப் பின்னால் கணக்குப் பார்ப்பதாகச் சொன்னார். அப்படி என்ன கணக்கு என்று யாரும் கேட்கவில்லை. சுறா வரும் இடத்தில் மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஐயோ!" என்று ஒரு சத்தம் வந்தது.

கடைசியில் அந்த நாளும் வந்தது. ஸ்டூடியோவிலிருந்து புகைப்படம் வந்து இறங்கியது. ஒரு கதவு அகலம்! பின்னாலேயே தராசும் சாக்குமாகப் பழைய பேப்பர்காரர் வன்னியராஜ் வந்தார்.

ஆறாம் பாகம் வடிவின் கையில் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

மாமா எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். "வருக வணிகரே! ஏழு பாகங்கள்! அதோ!" என்று அலமாரியை நோக்கிக் கையை வீசினார்.

அலமாரியில் ஒரே ஒரு குட்டிப் புத்தகம் சாய்ந்து கிடந்தது. வடிவு ஒளித்தது போக, மற்ற எல்லாம் கரமனையில் யார் யார் வீட்டிலோ இருந்தன.

வன்னியராஜ் ஏழாம் பாகத்தை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். "இது ஒண்ணுதானா சாரே? இதுக்கா தராசைத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தேன்?"

"மாமா, அதைக் குடுத்துராதீங்க!" என்றாள் வடிவு. "அது இல்லேன்னா மத்த ஆறையும் படிச்சவங்க என்ன செய்வாங்க?"

மாமா புகைப்படத்தைப் பார்த்தார். நடுநாற்காலியில் அவரே கம்பீரமாக உட்கார்ந்து அவரைப் பார்த்தார். பிள்ளைகள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

மாமா தோளிலிருந்து துண்டை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"வன்னியராஜே, அந்தப் புஸ்தகத்தை அங்கேயே வை, கேட்டோ. அந்தச் சுறா கிட்டேந்து பெண்ணு தப்பிச்சாளான்னே எனக்கு இன்னும் தெரியாது. நான் முதல்லேந்து எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கணும். கொஞ்சம் நாளாகும். வடிவுதான் சொல்லித் தரணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. "நானும் அப்படித்தான் மாமா வாசிக்கறேன்" என்றாள் விஜி.

"தரேன் மாமா! சுறா என்ன பண்ணுச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள் வடிவு.

"சாரே, அப்போ எனக்கு?" என்று வன்னியராஜ் தராசை ஆட்டிக் காட்டினார். "வெறும் சாக்கோடயா போறது?"

மாமா யோசித்தார். பிறகு குனிந்து, அலமாரிக்கு அடியிலிருந்து பெரிய காகிதக் கட்டு ஒன்றை இழுத்தார். ஆண்டுவிழாவில் அவர் பேசிய வரவேற்புரை. சொந்தச் செலவில் அச்சடித்தது. முக்கால்வாசியும் அப்படியே இருந்தது. வன்னியராஜ் தராசில் வைத்ததும் தட்டு 'டமார்' என்று தரையைத் தொட்டது.

"அடேயப்பா! என்ன கனம்!" என்றார் வன்னியராஜ்.

"பேசும்போதும் அத்தனை கனமாத்தான் இருந்தது" என்றார் மாமா.

அந்த வாரம் முழுவதும் கரமனையில் கடலை வாங்கிய எல்லோருக்கும் ஆளுக்கொரு பக்கம் வரவேற்புரை பொட்டலமாகக் கிடைத்தது. முதல்முறையாக, அதை யாருமே பாதியில் கீழே போடவில்லை. கடலை தீர வேண்டுமே!