முடியக்கூடாத மாலை

மேசையில் நீளவாக்கில் போட்டிருந்த சிப்பி மாலை வட்டமாகக் கிடந்தது. அதன் இரு முனைகளையும் யாரோ சேர்த்து முடிந்திருந்தார்கள்.

வெஹிக்குத் திக்கென்றது. பிள்ளை சுமப்பவள் முடிந்த மாலையைப் போட்டால் கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். நீஹாவ் தீவில் இது தெரியாதவர் கிடையாது. வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து, கோக்கிற மாலையைக்கூட அவள் முடிச்சுப் போடாமல்தான் விட்டுவைத்தாள்.

“மகோவா! இத நீயா முடிஞ்ச?”

“நானா? கடுகு மாதிரி சிப்பி. ஒண்ணு நசுங்கினாலும் நீ என் மண்டைய ஒடச்சிருவ தாயி!” கணவன் சிரித்துக்கொண்டே வலையைத் தோளில் போட்டுப் படகுக்குப் போய்விட்டான்.

அவள் குனிந்து பார்த்தாள். நூல் ஈரமாக இருந்தது. அதன் நுனியைக் கத்தரியால் வெட்டவில்லை, பல்லால் கடித்திருந்தார்கள். அப்படிக் கடிப்பவள் மகோவாவின் அக்கா உலுலானி ஒருத்திதான்.

போன மாரியில், அலையோரம் ஈரமணலில் குப்புறப் படுத்து இருவரும் சிப்பி பொறுக்கினார்கள். உலுலானியின் புட்டி நிறைய ரத்தச் சிவப்புச் சிப்பிகள், வெஹியின் புட்டியில் அடிகூட மறையவில்லை. பேரலை வந்து உலுலானியை இழுத்தது. “பிடிடீ!” என்று கையை நீட்டினாள். வெஹி கையைப் பிடிக்கவில்லை. அந்தக் கையிலிருந்த புட்டியைப் பிடித்தாள். உலுலானி கரை திரும்பவில்லை.

அந்தச் சிப்பிகள்தான் இந்த மாலை. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும்.

கத்தரியை எடுத்து முடிச்சை வெட்டினாள். வெளியே காற்று நின்றது, வெயில் மங்கியது, வெயிலில் செத்த சிப்பியின் வாடை சன்னல் வழியாக மெல்ல வந்து தொண்டைவரை இறங்கியது. சன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

மாலையில் மறுபடி முடிச்சு விழுந்திருந்தது. வட்டம் சிறுத்திருந்தது.

வெட்டினாள். கண்ணெதிரே நூல் நெளிந்து முடிந்துகொண்டது. இன்னும் சிறிய வட்டம். ஒரு பச்சைக் குழந்தையின் கழுத்தளவு.

“அக்கா... என்னை எடுத்துக்கோ. புள்ளைய விட்ரு அக்கா.”

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். மேசையில் மாலை இல்லை. கொஞ்சம் ஈரமணல் மட்டும்.

வயிற்றில் குழந்தை புரண்டது.

கூடவே கலகலவென்று சிப்பிகள் உரசின. உள்ளே.

அவள் இரு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். உரசல் நெருங்கியது. இறுகியது.

பிறகு உள்ளேயிருந்து, நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம்.