சொந்தங்கள் என்றொரு விதிவிலக்கு

தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு. அம்மாவின் வாயில் பொருத்திய கைப்பம்பை அழுத்திக்கொண்டே நிறைமதி எண்ணினாள். அம்மாவின் நெஞ்சுக்குள் இருந்த மூச்சுப்பொறி நின்று நான்கு நிமிடமாகியிருந்தது. செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் அந்தப் பொறி உண்டு. தூசி தின்ற நுரையீரலுக்கு மாற்று. செய்தி வாங்கியையும் அதிலேயே பதித்திருந்தார்கள். பொறியைக் கெடுக்கும் நச்சுநிரல் செய்திகளோடு நுழையாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவல்நிரலும் இருந்தது. எண்ணிக்கை தவறியது; பதினாறு வயதுக்காரி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

பொறியாளர் அருளப்பன் வந்து பொறியை மறுபடி ஓடவைத்தபோது ஒன்பது நிமிடம் கடந்துவிட்டது. மூச்சு வந்தது. அம்மா கண் திறக்கவில்லை.

"காவல் சோதிக்காம உள்ள விடுற விதிவிலக்குப் பட்டியல்ல 'சொந்தங்கள்'னு ஒரு குழுவே இருக்கே. யாரும்மா போட்டது?"

"நான்தாண்ணா. குமுதா அத்தையோட வளைகாப்பு வீடியோவக் காவல் தடுத்துடுச்சு. 'திறந்து பாக்கக்கூட உங்கம்மாவுக்கு மனசு வரல'ன்னு அத்தை கோவிச்சுக்கிட்டாங்க. அம்மா ஒரே அழுகை."

"அந்த ஒரு வீடியோவ மட்டும் விட்டிருக்கலாமே."

"அப்புறம் சித்தப்பா கோவிச்சுப்பாரே."

அருளப்பன் பொறியின் பதிவேட்டைத் திறந்து காட்டினார். நச்சுநிரல் அத்தையிடமிருந்து வந்ததல்ல. யாரோ அனுப்பியதைச் சொந்தத்தில் யாரோ மறுபடி அனுப்பிய ஒரு 'காலை வணக்கம்' படத்தில் ஏறி வந்திருந்தது. பட்டியலை மொத்தமாக அழித்துவிட்டு, மூளை எவ்வளவு தாங்கியது என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும் என்று சொல்லிப் போனார்.

சுரங்கத்திலிருந்து ஓடிவந்த அப்பா, அம்மாவின் உள்ளங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான்தாம்பா அந்தக் குழுவ விட்டேன்."

சுவர்த்திரையில் செய்திகள் குவிந்துகொண்டிருந்தன. அம்மா குணமாக வேண்டி விளக்கேற்றிய படங்கள், பிரார்த்தனை வீடியோக்கள். காவல்நிரல் அத்தனையையும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

"அறுபத்து மூணு பேர் அனுப்பியிருக்காங்க," என்றார் அப்பா. "ஒண்ணுகூடத் திறக்கலன்னா என்ன நினைப்பாங்க? உள்ள விட்டுடும்மா."

"அதுலதாம்பா வந்துச்சு."

"தெரியும்மா. ஆனா நம்ம ஆளுங்கதானே."

அம்மாவின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. 'இவர்கள் அனைவரையும் நம்புகிறீர்களா?' என்று திரை கேட்டது. ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நிறைமதியின் விரல் நின்றது. அம்மாவைக் காப்பாற்ற 'இல்லை' என்று அழுத்திவிடலாம்தான். நாளை அம்மா கண் விழித்து, "யாரும் என்னை விசாரிக்கலையாடி?" என்று கேட்டால் என்ன சொல்வது?