விருந்தாளிகள் போகட்டும்

ரப்பர் ஷீட்டின் நாற்றம் என்றுதான் தன்யா முதலில் நினைத்தாள். வெள்ளறடையில் மழைக்காலம் வந்தால் காயாத ஷீட்டுகள் வீட்டையே நாற அடிக்கும். ஆனால் இது சன்னல் வழியாக வரவில்லை. போர்வையை விலக்கும்போதெல்லாம், பூசியிருந்த பவுடரின் மணத்தையும் மீறி, கெட்டுப்போன இறைச்சியின் வாடையாக அவள் உடம்பிலிருந்தே எழுந்து வந்தது.

கைக்குழந்தை இன்னும் தவழவில்லை. அதற்குள் அடுத்தது. கணவன் சிஜு பனச்சமூட்டுக் கடையில் டாக்டர் சீட்டில்லாமல் கருவைக் கலைக்கும் மாத்திரை வாங்கி வந்தான். ஸ்கேன் எடுக்கவில்லை, எத்தனை மாதம் என்றுகூடப் பார்க்கவில்லை. ரத்தம் போயிற்று, நின்றது, எல்லாம் தீர்ந்தது என்று இருந்துவிட்டார்கள். இப்போது காய்ச்சல் அவளை உலுக்கியது.

நெய்யாற்றின்கரையில் நர்சாக இருக்கும் பெரியம்மா மகள் அனகாவைப் போனில் அழைத்தாள்.

“மக்கா, மாத்திரையோ உறிஞ்சி எடுக்கியதோ, டாக்டர் பாத்துச் செஞ்சா பயமில்ல. உனக்கு மிச்சம் உள்ள தங்கியிருக்கும். விஷம் ரத்தத்துல ஏறினா ஆளு தேறாது. போலீஸ் கேசொண்ணும் ஆவாது, இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போ!”

மாமியார் ரத்னபாய் போனைப் பிடுங்கி அணைத்தாள்.

“உன் நாத்தனாரப் பாக்க ஆளு வந்தாச்சு. இப்பம் உன்னத் தூக்கிட்டு முன்வாசல் வழி போனா இந்தக் கல்யாணம் நடக்குமா? அவிய போவட்டும்.”

“சிஜு…” என்றாள் தன்யா, கதவருகே நின்ற கணவனிடம்.

அவன் தரையைப் பார்த்தான். “இன்னா வாறேன். கொஞ்சம் பொறு.”

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

முன்னறையில் நாற்காலிகள் இழுபட்டன, டீ கிளாசுகள் உரசின, நேந்திரங்காய் வறுவல் பற்களுக்கிடையே நொறுங்கியது, யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பு சுவர் வழியாக நீர்போலக் கசிந்து வந்து காதில் தேங்கியது. தன்யா கத்தினாள். முனகலாகத்தான் வந்தது.

“அகத்து ஆரா கரயுந்நது?” உள்ளே அழுவது யாரென்று மலையாளத்தில் கேட்டது விருந்தாளியின் குரல்.

“பூச்சையாக்கும்,” என்று பூனைமேல் பழியைப் போட்டாள் ரத்னபாய். எல்லாரும் சிரித்தார்கள். சிஜுவும்.

நடுக்கம் நின்றது. நல்லதற்கு என்று நினைத்தாள். பிறகு பாதம் இல்லை. பிறகு முழங்கால். நகங்களில் நீலம். மூச்சு மட்டும் நாய்போல ஓடியது. அதுவும் மெலிந்தது.

சுவரின் விரிசலிலிருந்து எறும்புகள் இறங்கின. கட்டில் கால். விரிப்பு. முழங்கை. கடிப்பது தெரியவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. ரத்னபாய் பாயசக் கிளாசோடு நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு.

“கல்யாணம் உறப்பிச்சாச்சு மக்களே! எந்திரி, ஒரு வாய் குடி.”

அவளுடைய அந்தச் சிரிப்பின் குறுக்கே, தன்யாவின் திறந்த கண்ணின் மேல், ஓர் எறும்பு மெல்ல நடந்து போயிற்று. இமைக்க முடியவில்லை.