வெண்பொட்டு இல்லம்

மணி பதினொன்றே முக்கால். சன்னல்களின் இருள்கண்ணாடி தானாகவே கறுத்திருந்தது. ஆறுமுகநயினார் கூடத்துக்கு வந்தபோது, தம்பி மனைவி காந்திமதியின் கையிலிருந்த கைபேசியில் ஒரு பெண்பிள்ளையின் குரல் பதறிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, ரெக்ஸ்லின் பேசுதேன். இன்னும் உப்பளத்துலதான் நிக்கோம். பறவை எண்ணி முடிச்சுத் திரும்பையில சைக்கிள் செயின் அறுந்துட்டு. ஷெட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கு."

"செண்பகா எங்கட்டி?"

"பக்கத்துலதான். என் பொட்டு செவந்து நிழலி வந்துட்டு. ஆனா அது ஒத்தை ஆள் கொடை. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நிக்கோம். அவளுக்குத் தாடையெல்லாம் கொப்புளிச்சிருக்கு ஆன்ட்டி, தலை சுத்துதுங்கா. உன் பொட்டு எங்கன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கா."

காந்திமதி அவரைப் பார்த்தாள். அவர் பூஜை அறையைப் பார்த்தார்.

மேல்வானக் காப்பு மெலிந்த பிறகு, தூத்துக்குடியின் உச்சி வெயில் இளம் தோலைப் பன்னிரண்டு நிமிடத்தில் பொசுக்கியது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாருக்கும் மணிக்கட்டில் ஒட்ட வெயில்பொட்டு கொடுத்தார்கள். தோல் வாங்கும் கதிரை அளந்து வெள்ளையிலிருந்து மஞ்சளாகும், பிறகு சிவக்கும். சிவந்தால் அருகிலுள்ள நிழலி பறந்து வந்து தலைக்கு மேல் குடையாக விரியும். பிள்ளைகளை எச்சரிக்கச் செய்த கருவி அது. ஆனால் ஐந்தே ஆண்டுகளில் பெண் பார்க்க வருபவர்கள் "பொட்டு வெள்ளைதானே?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வெயில் படாமல் வளர்த்த பிள்ளை என்ற பழைய பெருமைக்கு இப்போது ஓர் அத்தாட்சி கிடைத்திருந்தது. ஆண்டு முழுவதும் பொட்டு சிவக்காத வீட்டு வாசலில் 'வெண்பொட்டு இல்லம்' என்று பலகை பதித்தார்கள். அந்தத் தெருவில் அது ஆறுமுகநயினார் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

அவர் அஜாக்கிரதையான மனிதர் அல்ல. தம்பி மகள் செண்பகவல்லி வெளியே புறப்படும்போதெல்லாம் முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, கழுத்துவரை களிம்பு என்று நின்று பார்த்துத்தான் அனுப்புவார். பிறகு கையை நீட்டுவார். அவள் பொட்டைக் கழற்றித் தருவாள். அது குங்குமச் சிமிழுக்குள் வெள்ளையாகவே இருக்கும்.

உப்பு பற்றி அவர் யோசிக்கவில்லை. வெயிலை உப்புப் பாத்தி அப்படியே மேலே திருப்பி எறியும். தொப்பியால் அதைத் தடுக்க முடியாது. காலை எட்டு மணிக்குப் பூசிய களிம்பும் வியர்வையில் எப்போதோ போயிருக்கும்.

"அத்தான், நிழலி மையத்துக்குப் பேசிருதேன்" என்றாள் காந்திமதி. "மீட்பு வண்டி அனுப்புவாங்க."

"என்னன்னு சொல்லுவ?"

"பிள்ளை கையில பொட்டு இல்லன்னு."

"கழத்தினது யாருன்னு கேப்பான். நாளைக்கே பலகையைப் பேத்து எடுப்பான். என் தம்பி கப்பல்ல இருக்கான். குடும்பத்துப் பேரை என்னை நம்பித்தான் விட்டுட்டுப் போயிருக்கான்."

"அவுக பிள்ளையையும் உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போயிருக்காக."

அவர் திரும்பி நடந்தார். பூஜை அறைக்குள் போய்ச் சிமிழோடு வந்தார்.

"இதுல அவ பேருதான எழுதியிருக்கு? இதை வெயில்ல காட்டுதேன். செவக்கும். செவந்தா இன்னொரு நிழலி அவளைத் தேடிப் போவும். ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"அது பேரைப் பாத்தா போவும்?"

"பேரைப் பாக்காம வேற எதைப் பாக்கும்?"

மாடிப்படி ஏறினார். மொட்டைமாடித் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. திறந்த சிமிழை உள்ளங்கையில் ஏந்தி நின்றார். பொட்டு மஞ்சளாயிற்று. போதாது என்று காத்திருந்தார். செம்மஞ்சள். இன்னும் நின்றார். அது இரத்தச் சிவப்பான பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

கீழே கைபேசியில் ரெக்ஸ்லின் கத்துவது மாடிவரை கேட்டது.

"ஆன்ட்டி, நிழலி கிளம்பிட்டு. கொடையை மடக்கிட்டுப் போவுது. ஐயோ, இவ உக்காந்துட்டா ஆன்ட்டி."

நிழலி பேரைத் தேடிப் போவதில்லை; அந்த வட்டாரத்துக்கு இருந்ததும் அது ஒன்றுதான். எந்தப் பொட்டு அதிகம் சிவந்திருக்கிறதோ அங்கே போக மட்டுமே தெரியும். பாதி நேரம் நிழலில் நின்றதால் ரெக்ஸ்லினின் பொட்டு மஞ்சளுக்கு இறங்கியிருந்தது.

வடக்கிலிருந்து வந்த சின்னஞ்சிறு புள்ளி பெரிதாகி, அவர் தலைக்கு மேல் நின்று, ஓசையில்லாமல் விரிந்தது. குளிர்ந்த நிழல் அவர் தோளில் இறங்கியது.

"செண்பகவல்லி" என்றது அது, பொட்டிலிருந்த பேரைப் படித்து, மிகுந்த பரிவோடு. "பயப்படாதீர்கள். நீங்கள் நிழலில் இருக்கிறீர்கள்."

அவர் சிமிழைச் சட்டென்று மூடினார். நிழலி நகரவில்லை. பொட்டின் சிவப்பு தணியும்வரை, அந்தப் பிள்ளையை விட்டு அது போகாது. எட்டி அதன் விளிம்பைப் பிடித்துத் தள்ளினார். சற்றே ஒதுங்கி, திரும்பவும் அவர் தலைக்கு மேலேயே வந்து நின்றது.

காந்திமதி படியேறி வந்தாள். வாசல் பலகை அவள் கக்கத்தில் இருந்தது. அதைச் சுவரிலிருந்து பெயர்த்த கத்தரிக்கோலைத் தரையில் போட்டுவிட்டு, கைபேசியை அவர் முன் நீட்டினாள்.

"மையம். இடத்தைச் சொல்லிட்டேன். ரெண்டு பிள்ளைகளுக்கும் வண்டி தயாரா நிக்குதாம். ஆனா, செவந்த பொட்டு இங்க இருக்கையில, பிள்ளை அங்க இருக்கான்னு அவங்க மெஷின் ஒத்துக்கிட மாட்டேங்குதாம். கழத்தினவங்க வாயால சொன்னாத்தான் நிழலியும் வண்டியும் அங்க கிளம்புமாம்."

கைபேசியில் ஓர் இளைஞன் நிதானமாகக் கேட்டான். "சொல்லுங்க சார். பொட்டைக் கழற்றினவர் பேர்?"

அறுபத்தெட்டு வருடமாக நிமிர்ந்தே நின்ற முதுகோடு அவர் அந்த நிழலில் நின்றார்.

"ஆறுமுகநயினார்" என்றார்.

குடை மடங்கியது. வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது. நிழலி வடக்கே உப்பளத்தை நோக்கிப் பறந்தது.

காந்திமதி பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அது போகும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பலகை ஓர் ஆளுக்கு நிழல் தரும் அளவுக்குத்தான் இருந்தது. அவரை அதனடியில் வரச்சொல்லி அவள் கூப்பிடவில்லை.