எண்பத்தாறு துடிப்புகள்

அக்டோபர் 8, செவ்வாய். நேற்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். ஏழாம் தட்டில் நிமிடத்துக்கு 86 துடிப்பு என்று எழுதினேன். பதிவான வீடியோவை இன்று மூன்று முறை எண்ணினேன். 52தான். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

எழுதி முடித்துவிட்டு அவள் நகத்தைக் கடித்தாள். சிறு தவறாம்... யாரை ஏமாற்றுகிறாய்?

அந்த ஆய்வாளனைப் பார்த்ததே நேற்றுத்தான். மாலை வகுப்பின் ஆசிரியர் விடுப்பு என்று அவளை இரண்டாம் மாடி ஆய்வகத்துக்கு உதவிக்கு அனுப்பியிருந்தார்கள். மழை சொட்டும் குடையோடு கதவைத் தள்ளினாள்.

"ஐயோ, குடையா! வெளிய வைங்க. உள்ள இதயம் வளருது!"

"எத்தனை சார்?"

"பன்னெண்டு தட்டு."

"ஒரே ஆளுக்கு இத்தனையா?"

அவன் சிரித்தான். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன... அவையே அவளுக்கு அதிகமாக இருந்தன.

மைக்ரோஸ்கோப்பின் கீழ், கண்ணாடித் தட்டில் இதய செல்கள் ஒன்றாகச் சுருங்கி விரிந்தன. அவன் சிவப்பு மருந்துக் குப்பியைக் காட்டினான்.

"புற்றுநோயைக் கொல்லும். ஆனா எதிரி யாரு, வீட்டு ஆளு யாருன்னு இதுக்குத் தெரியாது. இதயத்துல செத்த செல்லுக்குப் பதில் புதுசு அநேகமா வராது. எங்கம்மா பிழைச்சதே இதாலதான்... இப்போ ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது."

ஏழாம் தட்டில் அந்த மருந்தோடு, இதயத்தைக் காக்கும் என்று அவன் நம்பிய இன்னொரு மருந்தும் இருந்தது. அவள் எண்ணத் தொடங்கினாள். அவன் அவள் தோளருகே குனிந்தான்...

"எண்பத்தாறு!"

அவன் உடனே போனை எடுத்தான். "அம்மா, தாங்குதும்மா!"

அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை இன்று எப்படித் திரும்ப வாங்குவது? நோட்டை மூடிவிட்டு, அவன் கை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு மெல்லப் போனாள்.

"சார்... எண்பத்தாறு தப்பு. ஐம்பத்திரண்டு."

அவன் முகம் வாடியது. "முப்பத்துநாலு எப்படிங்க கூடும்? கணக்கு டீச்சர் மாதிரி விரல் விட்டு எண்ணினீங்களே!"

கண் மங்கலாக இருந்தது என்று சொல்லிவிடலாம். மானமாவது மிஞ்சும். ஆனால் இவன் மைக்ரோஸ்கோப்பில் பழுது தேடுவானே...

"நான் தட்டை எண்ணல சார். காதுக்குள்ள கேட்டதை எண்ணிட்டேன். என்னோடதை."

"உங்களுக்கு எண்பத்தாறா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதேவா?"

"எழுபதுதான் இருந்துச்சு... நீங்க பக்கத்துல வர்ற வரைக்கும்."

குழாய் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை மூட மறந்திருந்தான்.

"சிவப்பு மருந்து மட்டும் போட்ட தட்டு முப்பதுதான்," என்றான் கடைசியில். "ஐம்பத்திரண்டும் நல்ல சேதிதான். அம்மாகிட்ட திருத்திச் சொல்லிடறேன்."

"ஏன் தப்பாச்சுன்னு கேட்டா?"

"உள்ளதைச் சொல்றேன். நேத்து என் இதயத்தை யாராவது எண்ணியிருந்தா நூறைத் தாண்டியிருக்கும்னும் சேர்த்துச் சொல்றேன்... உடனே உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லிடுவாங்க. வருவீங்களா?"

தலையாட்டினாள். பிறகு, முகம் சிவக்க, நோட்டில் எழுதினாள்.

நாளை: மாலை ஆறு மணிக்கு ஏழாம் தட்டை மறுபடி எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை அவர் அடுத்த அறையில் இருக்க வேண்டும்.