கிட்டங்கிக் கிணற்றில் எண்ணெய்

"எங்கட கிணத்தில மண்ணெண்ணெய் ஊறுதாம், ஐயா. அரபிக்காரனுக்கு வாய்ச்சது எனக்கும் வாய்ச்சிட்டுதெண்டு தெருவே சிரிக்குது."

வந்தவள் ஸாலிஹா. கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. யேசுரட்ணம் தலையை மட்டும் அசைத்தார். நிலமும் கட்டடமும் வாங்குவோருக்கு நல்லது கெட்டது பார்த்துச் சொல்வது அவர் தொழில். அருகில் இருந்த முனாபுக்குத் தொழில் புடவைக்கடை. ஆனால் கடையை மச்சானிடம் தள்ளிவிட்டு யேசுரட்ணத்தின் பின்னால் அலைவதில்தான் அவனுக்கு லாபம் தெரிந்தது.

"வெள்ளைக்காரக் கடற்படை சாமான் வச்ச கிட்டங்கி அது. நகையெல்லாம் வித்து வாங்கினனான், சோடாக் கொம்பனி போட. போன கிழமை வரைக்கும் தண்ணி இளநி மாதிரி. இப்ப மணக்குது. பக்கத்துக் கருவாட்டு முதலாளி லாபிர் காக்கா, உலகச் சண்டைக்காலத்தில இங்க கப்பல் எண்ணெய் வச்சவங்கள், நிலமே ஊறிப்போச்சு எண்டுறார். அரை விலைக்குக் கேக்கிறார். நாளைக்குப் பட்டினசபைச் சுகாதாரப் பரிசோதகர் வாறார். அவர் ஏலாதெண்டா கொம்பனி இல்ல. ஆனா நான் விக்கமாட்டன். அதை மனசில வச்சுக்கொண்டு பாருங்க."

உட்துறைமுக வீதிக் கிட்டங்கிக்கு மூவரும் போனார்கள். யேசுரட்ணம் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துச் சீமெந்துத் தரையில் அங்கங்கே ஊற்றினார். எல்லா இடத்திலும் தரை சட்டென்று குடித்தது. பின்மூலையில் மட்டும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது.

"பிடிச்சிட்டம்!" என்றான் முனாப். அந்த மூலையில் வாடகைக்கு இருந்து வள்ள இயந்திரம் திருத்துபவன் கிறிஸ்தோபர்.

கிறிஸ்தோபர் நிமிர்ந்தான். "என்ன பிடிச்சனீங்கள்? என்ர எண்ணெய் என்ர மூலையில கிடக்கு. கிணறு முற்றத்துக்கு அந்தப் பக்கம். எண்ணெய் நடந்து போச்சோ?"

யேசுரட்ணம் கிணற்றடிக்குப் போனார். கிணற்றோடு ஒட்டி நின்ற பப்பாசி மரம் இலை வாடாமல் காய்த்துத் தொங்கியது. வாளித் தண்ணீரின் மேல் நிறமில்லாத எண்ணெய்ப் படலம். முகர்ந்தார்.

"பிள்ளை, கிணத்தில மீன் ஒண்டும் விடேல்லையோ?"

"ஆமை விட்டிருந்தன். அதையும் காணேல்ல."

"செத்து அடியில கிடக்கும்," என்றான் முனாப்.

யேசுரட்ணம் முனாபையும் கூட்டிக்கொண்டு அடுத்த வளவுக்கு, பழைய கதை கேட்கவென்று போனார்.

லாபிர் தேத்தண்ணி கொடுத்து, சண்டைக்காலப் பீப்பாய்களை நேரில் உருட்டியவர் போலக் கதை சொன்னார். கொல்லையில் ஒரு தகரத் தொட்டி. மேலே பலகை, பலகைமேல் கல். பக்கத்தில் நறுக்கிய கீரைத் தண்டு.

"அதுக்குள்ள என்ன, முதலாளி?" என்றான் முனாப்.

"கருவாடு ஊறுது."

முனாப் தலையாட்டினான். கருவாட்டு விலையைப் பற்றி ஒரு பாட்டம் பேரமும் பேசிவிட்டு வந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு கிணற்றடியில் பரிசோதகர் சோமசேகரம், லாபிர், கிறிஸ்தோபர், ஸாலிஹா எல்லாரும் நின்றார்கள்.

"கப்பலுக்கு வச்ச எண்ணெய் கறுப்பு, தார் மாதிரி," என்று தொடங்கினார் யேசுரட்ணம். "இது விளக்குக்கு ஊத்திற மண்ணெண்ணெய். பழைய காலத்தில எண்ணெய் வச்ச தரை தண்ணியைக் குடிக்காது, இது குடிக்குது. நிலம் ஊறியிருந்தா இந்தப் பப்பாசி பட்டுப்போயிருக்கும். பழுது ஒரு மூலையில மட்டும். கிறிஸ்தோபர், அந்த மண்ணை வெட்டி எறிஞ்சு புதுச் சீமெந்து போடும்."

"போடுறன். ஆனா கிணறு?"

"கிணத்துக்கு ஆமைதான் சாட்சி. எண்ணெய் நிலத்தால ஊறி ஆமை செத்திருந்தா, ஒரு கிழமையில ஊதி மேல மிதந்திருக்கும். உயிரோட இருந்தா கிணத்துக்குள்ளேயே நிக்கும். கட்டின கிணத்தில ஆமை ஏறாது. ரெண்டும் இல்ல. அப்ப எண்ணெய் ஊத்த முதல் ஆரோ அதை வாளியில கோலி எடுத்திருக்கிறார். தண்ணியைக் கெடுக்க மனம் வந்தவருக்கு, ஆமையைக் கொல்ல மனம் வரேல்ல."

முனாப் நெற்றியில் அடித்துக்கொண்டான். "கருவாடு எங்கயையா கீரை தின்னும்!"

வேலியைத் தாண்டி லாபிரின் கொல்லைக்கு ஓடினான். பலகையைத் தள்ளினான். தொட்டிக்குள் இருந்து ஆமை கழுத்தை நீட்டி அவனைப் பார்த்தது.

லாபிரின் முகம் தொங்கிப்போனது. "வாயில்லாச் சீவன்," என்று முனகினார். "அது என்ன பாவம் செஞ்சிச்சு?"

"நான் என்ன பாவம் செஞ்சனான், காக்கா?" என்றாள் ஸாலிஹா.



"கிணத்தை முழுக்க இறையுங்கோ," என்றார் சோமசேகரம். "புதுசா ஊறுற தண்ணி மணக்காட்டி நான் கையெழுத்து வைக்கிறன்."

லாபிருக்கு அப்போதுதான் துணிவு திரும்பியது. "வச்சென்ன? ஊரெல்லாம் கதை பரவிட்டுது. இந்தச் சோடாவை ஆர் குடிப்பான்?"

ஸாலிஹா தெருப்படலையை இரு பக்கமும் அகலத் திறந்துவைத்தாள். பள்ளியால் திரும்பும் சனம் இன்னும் வீதியில் வந்துகொண்டிருந்தது. வாளிக் கயிற்றை எடுத்து லாபிரின் கையில் கொடுத்தாள்.

"கதை பரப்பின ஆளே இறைங்க. எல்லாரும் பாக்கட்டும். களைச்சா கதிரை போடுறன், இருந்து இறைங்க."

"என்னட்டப் பம்பு இருக்கு, அக்கா," என்றான் கிறிஸ்தோபர். "ஒரு மணித்தியாலத்தில வத்திடும்."

"வேண்டாம்," என்றாள் ஸாலிஹா. "இது கையால இறைக்க வேண்டிய கிணறு."

படலையில் சனம் கூடிவிட்டது. லாபிர் சாரத்தை மடித்துக் கட்டினார்.